ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்... அதில் நான் விட்ட ஒரு பூஜ்யம்!

டிசம்பர் 22 நெருங்கினாலே எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் எல்லோரும் 1729-ஐத் தூசி தட்டுவோம். ராமானுஜன் பிறந்த நாள், தேசிய கணித தினம். மருத்துவமனை, ஹார்டி, டாக்ஸி நம்பர்... உங்களுக்கும் அந்தக் கதை மனப்பாடம் ஆகியிருக்கும். போன வருடம் அந்த வேலை என் தலையில் விழுந்தது. "வேற ஏதாச்சும் நம்பர் பிடிம்மா. 1729 வேணாம், படிக்கிறவங்களுக்கே போரடிக்குது" என்றார் சீனியர்.

நான் பிடித்த எண் 293318625600. வாய்விட்டுச் சொன்னால், இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து அறுநூறு.

நல்ல எண். பிடித்தது சரிதான். அதைப் போட்ட விதத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அதற்கு முன் இந்த எண் என்ன, இதில் அப்படி என்ன விசேஷம் என்று சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், நானும் பத்தாம் வகுப்புக் கணக்கில் 61 வாங்கியவள்தான்.

எங்கள் ஊர் வெம்பக்கோட்டை பக்கம் தாயில்பட்டி. பட்டாசு ஊர். வீட்டில் அண்ணன், நான், தம்பி என மூன்று பேர். கம்பி மத்தாப்பு பாக்கெட்டில் 10 கம்பி இருக்கும். ஆளுக்கு மூன்று போக ஒன்று மிஞ்சும். அந்த ஒற்றைக் கம்பிக்காக ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும். "பத்து போடுறவன் பன்னெண்டு போட்டா என்னவாம்? கொறையுதா?" என்று அம்மா சலித்துக்கொள்வாள்.

அம்மா சொன்னதில் கணிதம் இருக்கிறது. 10-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 1, 2, 5, 10 என நான்குதான். 12-ஐ 1, 2, 3, 4, 6, 12 என ஆறு எண்கள் வகுக்கும். 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள அத்தனை எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்ணை ஆங்கிலத்தில் 'ஹைலி காம்போசிட் நம்பர்' என்கிறார்கள். தமிழில் உயர் பகு எண் என்று வைத்துக்கொள்ளலாம். பகா எண் யாருக்கும் பங்கு தராத கஞ்சன் என்றால், இது அதற்கு நேர் எதிர். எத்தனை பேர் வந்தாலும் பிரித்துக்கொடுக்க ஏதாவது வழி வைத்திருக்கும்.

2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று போகும் வரிசை இது. பார்த்ததுமே தெரிந்த முகங்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், பிரபவ முதல் அட்சய வரை 60 வருடங்கள், வட்டத்துக்கு 360 பாகை. அரை, கால், மூன்றில் ஒன்று என்று பிரித்துப் பழகியவர்கள் வைத்த அளவுகள்.

ஆனால், பிரிக்க வசதி என்று வந்த எல்லா எண்ணும் இந்த வரிசையில் சேர்ந்துவிடாது. என் அம்மாச்சி தீப்பெட்டி ஒட்டியவள். அவளுக்கு எல்லாமே குரோஸ் கணக்கு. குரோஸ் என்றால் 12 டஜன், 144. அதற்கு 15 வகுத்திகள். அதைவிடச் சின்ன எண்ணான 120-க்கு 16! அதனால் 144-க்கு இந்த வரிசையில் இடமில்லை. அம்மாச்சி இருந்திருந்தால், "அப்ப நூத்தி இருபது ஒட்டினா குரோஸுன்னு எழுதச் சொல்லு" என்றிருப்பாள்.

இந்த வரிசையை விடாப்பிடியாகத் துரத்தியவர் ராமானுஜன். கும்பகோணத்தில் வளர்ந்து, கல்லூரித் தேர்வில் தவறி, காகிதம் வாங்கக் கட்டாது என்று சிலேட்டில் கணக்குப் போட்டு, மெட்ராஸ் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவர். 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். 1915-ல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் இந்த எண்களைப் பற்றி அவருடைய நீண்ட கட்டுரை வந்தது. பட்டம் இல்லாத அவருக்குக் கேம்பிரிட்ஜ் 1916-ல் பி.ஏ. பட்டம் கொடுத்தது இந்த ஆராய்ச்சிக்காகத்தான். கட்டுரை முழுதாகவும் அச்சாகவில்லை. அப்போது கணிதக் கழகத்துக்குப் பணமுடை, அதனால் ஒரு பகுதி நின்றுபோனது. அந்த மிச்சம் வெளியானது 1997-ல்! அவர் இறந்தது 1920-ல், 32 வயதில்.

அந்தக் கட்டுரையில் ஒரு பட்டியல் உண்டு. 2-ல் தொடங்கி 6746328388800 வரை 102 உயர் பகு எண்கள். கடைசி எண், ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரம் கோடிக்கும் மேல். கால்குலேட்டரோ கம்ப்யூட்டரோ கிடையாது. எல்லாம் கையால் போட்டது.

அதில் ஒன்றே ஒன்று விட்டுப்போயிருக்கிறது. 240940299600-க்கு அடுத்து 321253732800 என்று பட்டியல் தாவிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டியதுதான் நம்முடைய 293318625600.

இந்த இடத்தில் நீங்களும் ஒரு பேப்பர் எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும். போனில் படிக்கிறீர்கள் என்றால் கால்குலேட்டரையே திறக்கலாம். ஆறு 2-களைப் பெருக்கினால் 64. நான்கு 3-களைப் பெருக்கினால் 81. இரண்டு 5-கள் 25. இரண்டு 7-கள் 49. பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்று. 64-ஐ 81-ஆல் பெருக்க 5184. 25-ஆல் பெருக்க 129600. 49-ஆல் பெருக்க 6350400. இப்படியே 19 வரை போனால் 293318625600 வந்து நிற்கும்.

எத்தனை 2, எத்தனை 3 என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். 6, 4, 2, 2, 1, 1, 1, 1. தெப்பக்குளத்துப் படி மாதிரி இறங்கும், எங்கேயும் ஏறாது. எல்லா உயர் பகு எண்களும் இப்படித்தான் இறங்கும் என்று ராமானுஜன் காட்டினார். கடைசிப் படி எப்போதும் 1-ஆகத்தான் இருக்கும். 4-ம் 36-ம் மட்டும் விதிவிலக்கு.

சரி, இதற்கு எத்தனை வகுத்திகள்? ஒரு வகுத்தியை உருவாக்க 2-ஐ எடுக்காமலே விடலாம், ஒன்று எடுக்கலாம், ஆறு வரை எடுக்கலாம். அது ஏழு வழி. 3-க்கு ஐந்து வழி. 5-க்கு மூன்று, 7-க்கு மூன்று. மற்ற நான்குக்கும் எடு அல்லது விடு, இரண்டிரண்டு வழி. எல்லாவற்றையும் பெருக்கினால் 5040.

5040! அதுவே ஓர் உயர் பகு எண். கிரேக்க அறிஞர் பிளேட்டோ ஒரு நல்ல நகரத்தில் எத்தனை நிலவுடைமைக் குடும்பங்கள் இருக்கலாம் என்று யோசித்துச் சொன்ன எண்ணும் அதே 5040-தான். நிலமோ வேலையோ எத்தனை பங்காகவும் பிரிக்கலாம் என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

நம் எண்ணை 1, 2, 3 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் 22 வரை மீதியே வராது. 23-ல்தான் முதல் முறை இடறும். ஒரு வகுப்பில் 22 பிள்ளைகள் வரை யார் வந்தாலும் வராவிட்டாலும் சரிபாதியாக, சரிபங்காகக் கொடுத்துவிடலாம். இருபத்து மூன்றாவது பிள்ளை வந்தால் சிக்கல்.

அந்த 23 விஷயம் எனக்குப் பிடித்துப்போனது. பட்டியலில் நம் எண்ணுக்கு முன்னால் நிற்கிற எண்ணிலும் 23 இருக்கிறது, பின்னால் நிற்கிற எண்ணிலும் இருக்கிறது. நடுவில் இது மட்டும் 23-ஐ வேண்டாம் என்று தள்ளிவிட்டு, கூடுதலாக ஒரு 7-ஐ வைத்துக்கொண்டிருக்கிறது. இதற்குப் பிறகு பட்டியல் முடியும் வரை வருகிற ஒவ்வோர் எண்ணிலும் 23 உண்டு. அக்கம்பக்கத்தார் மாதிரி இல்லாத ஆள் கூட்டத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும் போல. இது என் ஊகம்தான். ராமானுஜன் என்ன நினைத்தார் என்று சொல்ல நான் யார்?

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பட்டியலின் கடைசி எண் 6746328388800-ஐ 23-ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 293318625600. விட்டுப்போனதை 23-ஆல் பெருக்கினால் கிடைப்பதுதான் பட்டியலின் முடிவு. வகுத்திகளும் 5040-லிருந்து சரியாக இரட்டிப்பாகி 10080 ஆகிவிடுகின்றன. அன்றைக்கு இரவு பத்தரை மணிக்கு ஆபீஸில் இதைக் கண்டபோது, பக்கத்து சீட்டில் இருந்தவரை உலுக்கிக் காட்டினேன். அவர் ஐ.பி.எல். ஏலம் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். "சூப்பர்ங்க" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

இனி என் கதை.

கட்டுரை எழுதினேன். கூடவே பகிர்வதற்கு ஒரு கார்டு. 'ராமானுஜன் விட்ட ஒரே எண்!' என்று தலைப்பு, நடுவில் பெரிய மஞ்சள் எழுத்தில் எண். போடுவதற்கு முன்னால் சரிபார்க்கவும் செய்தேன். கார்டில் இருந்த எண்ணை 1 முதல் 22 வரை ஒவ்வொன்றாலும் வகுத்தேன். எல்லாம் மீதியில்லாமல் போனது. நிம்மதியாகப் பப்ளிஷ் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் ஒரு மெயில். எழுதியவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். 'அன்புள்ள மகளுக்கு' என்று தொடங்கியிருந்தார். கார்டில் உள்ள எண்ணை 25-ஆல் வகுத்தால் மீதி 10 வருகிறதே, உங்கள் கட்டுரையில் இரண்டு 5-கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, கொஞ்சம் பாருங்கள் என்று இரண்டே வரி.

பார்த்தேன். கார்டில் இருந்தது 29331862560. கடைசியில் ஒரு பூஜ்யம் இல்லை.

விட்டுப்போன எண்ணைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு பூஜ்யத்தை விட்டிருக்கிறேன். இதைவிடக் கேவலம் வேண்டுமா? அதிலும் நான் சரிபார்த்தது ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதுதான் வயிற்றைக் கலக்கியது. ஒரு பூஜ்யம் போனால் ஒரு 2-ம் ஒரு 5-ம் மட்டும்தான் குறையும். மிச்சமிருப்பது 1 முதல் 22 வரை வகுபட அப்போதும் போதும். அதனால் தப்பான எண்ணும் என் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டது. 25 வரை போயிருந்தால் மாட்டியிருக்கும். நான் 22-ல் நிறுத்திவிட்டேன்.

"ஒரு ஜீரோதானே, திருத்திட்டுப் போம்மா" என்றார் சீனியர். ஆனால், அந்த ஒரு ஜீரோ போனதில் வகுத்திகள் 5040-லிருந்து 2880 ஆகிவிட்டன. அதைவிடச் சின்ன எண்ணான 27935107200-க்கே 3072 வகுத்திகள். ஆக, நான் உலகத்துக்கு அறிமுகப்படுத்திய எண் உயர் பகு எண்ணே இல்லை. கட்டுரையைத் திருத்தி, திருத்தியிருக்கிறோம் என்று கீழே ஒரு வரியும் போட்டோம். கார்டை என்ன செய்ய? அது வாட்ஸ்அப்பில் கிளம்பிப் போய்விட்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தி மகன், "அக்கா, இது நீ போட்டதுதான?" என்று பெருமையாகக் காட்டினான். மஞ்சள் எழுத்து, ஒரு பூஜ்யம் குறைவாக. அவனுடைய பள்ளிக்கூட குரூப்பில் வந்ததாம். டெலிட் பண்ணச் சொன்னேன். "நான் பண்ணா மத்தவங்க போன்ல போயிருமா?" என்றான்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திண்ணையில் உட்கார்ந்து மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவரு பெரிய கணக்கு மேதைங்குறாக. அவரே ஒன்ன விட்டுட்டாராக்கும்?"

"ஆமாம்மா. அச்சான பட்டியல்ல இல்ல."

"அப்ப அவரு சொன்ன கணக்கு தப்பாகிப்போச்சா?"

"இல்ல. கணக்கு சரிதான். அவரு சொன்ன வழியிலேயே போனா அந்த எண்ணு கெடைக்கும். எழுதின லிஸ்டுலதான் இல்ல."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "புளியங்கொட்ட ஞாபகம் இருக்கா தாயி?" என்றாள்.

எப்படி மறக்கும்? நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம். அம்மா அப்போது ஒரு பட்டாசு ஆலையில் சரம் பின்னிக்கொண்டிருந்தாள். எத்தனை கட்டு முடித்தாளோ அத்தனைக்குக் கூலி. ஒரு கட்டு முடிந்ததும் ஒரு புளியங்கொட்டையை முந்தானையில் முடிந்துகொள்வாள். வீட்டுக்கு வந்ததும் அதை ஒரு பவுடர் டப்பாவில் போடுவாள். சனிக்கிழமை சம்பளத்தன்று டப்பாவைக் கொட்டி என்னை எண்ணச் சொல்வாள். ஒரு சனிக்கிழமை டப்பாவில் 34 இருந்தது. அங்கே நோட்டில் 28. வெள்ளிக்கிழமை என்ற வரியே அந்த நோட்டில் அம்மா பேருக்கு நேரே இல்லை.

அம்மா கொட்டைகளை அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். கணக்கு எழுதியவர் சிரித்தாராம். "கொட்டைக்கெல்லாம் காசு குடுக்க முடியுமா?" என்றாராம். அந்த ஆறு கட்டுக்கான கூலி கடைசிவரை வரவில்லை. எனக்கு ஞாபகம் இருப்பது கூலி இல்லை. அம்மா திரும்பி வந்து கொட்டைகளைத் திரும்பவும் எண்ணியதுதான். ஒருவேளை தானே தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மூன்று முறை எண்ணினாள். மூன்று முறையும் 34.

"அடுத்த வாரத்துலருந்து அவரு எழுதும்போது பக்கத்துல போயி நின்னுக்கிட்டேன். எம் பேரு வந்ததும், எத்தன போட்டீகன்னு கேப்பேன். நீ அந்த மாதிரி ஆபீஸுல யாரையாச்சும் பக்கத்துல நிப்பாட்டிக்க வேண்டியதுதான?"

ஆபீஸில் யாரும் பக்கத்தில் நிற்பதில்லை. ஆனால், ஒரு விஷயத்தில் மட்டும் நானே எனக்குப் பக்கத்தில் நின்றுகொள்வேன். எங்கள் பக்கம் பட்டாசு விபத்து என்று செய்தி வந்தால், ஊர்க்காரி என்பதால் அது என்னிடம்தான் வரும். தலைப்பில் ஓர் எண் இருக்கும். அது மணிக்கு மணி மாறும். 'உயிரிழப்பு எண்ணிக்கை உயர்வு' என்று அடிக்கும்போது விரல் தயங்கும். தப்பாக ஒன்று கூட்டிப் போட்டால், ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற யாரோ ஒருவர் வீட்டில் அந்த ஒன்று இடி மாதிரி விழும். ஒன்று குறைத்துப் போட்டால், போன ஓர் ஆள் கணக்கிலேயே இல்லை என்றாகிவிடும். அந்த எண்ணை மட்டும் நான் 22-ல் நிறுத்துவதில்லை. மாவட்ட நிருபருக்குப் போன் போட்டு, பெயர்ப் பட்டியல் கேட்டு, ஒவ்வொரு பெயராக விரல் வைத்து எண்ணிவிட்டுத்தான் போடுவேன்.

இது இதழியல் வகுப்பில் கற்றது இல்லை. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்த அன்று நான் வீட்டில் இருந்தேன். டி.வி-யில் கீழே ஓடிய எண் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு சேனலில் ஒன்று, இன்னொன்றில் வேறு. தெருவே எங்கள் வீட்டு டி.வி முன்னால் நின்றது. அம்மா கத்தினாள், "எண்ணிக்கையவே சொல்லிட்டு இருக்கானே, பேரச் சொல்லச் சொல்லு!"

அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கும்.

மொச்சை உரித்து முடிந்தது. அம்மா உள்ளே போய் தன் கூலிக் கணக்கு நோட்டை எடுத்து வந்தாள். இப்போது வேறு ஆலையில் பேக்கிங் வேலை. புளியங்கொட்டையை விட்டு நோட்டுக்கு மாறி ரொம்ப நாளாகிறது. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "அந்த எண்ண இதுல எழுது, சரியா எழுது" என்றாள்.

எழுதினேன். அவள் ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தாள். கடைசியில் வந்து நின்றாள்.

"சைபரு ரெண்டு இருக்கணுமா?"

"ரெண்டு."

"மொத்தம் பன்னெண்டு எலக்கம்?"

"பன்னெண்டு."

"பிரிக்க லேசான எண்ணுதான்" என்று நோட்டை மூடி, மொச்சைக்காய்த் தோலை மாட்டுக்கு அள்ளிப் போடப் போனாள்.